மூன்று வெள்ளி

மூன்றே வெள்ளி, மலேசியக் காசில். இதற்காக ஒருத்தி உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுவாளா என்று என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார், கேட்கட்டும். தீபாவளி முடிந்து வாரக்கணக்காகிறது, பலகாரப் போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்து மேல் அலமாரியில் ஏற்றியும் ஆயிற்று, ஆனாலும் பல்லிடுக்கில் மாட்டிய ஓமம் மாதிரி அந்த மூன்று வெள்ளி உறுத்திக்கொண்டே கிடக்கிறது. நடந்தது இவ்வளவுதான்: 25 வெள்ளி சொன்ன முறுக்குப் போத்தலை 22-க்குத் தருவீர்களா என்று கேட்டேன். கேட்ட இடம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான், அதாவது குடியிருப்பு, வீட்டின் பின்கட்டு. முறுக்கு சுடுகிற அத்தை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் சின்ன முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கார்ச்சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

இதில் கூடுதல் கூத்து என்னவென்றால், அதற்கு ஒரு வாரம் முன்புதான் குடும்ப வாட்சாப் குழுவில் பெரிய பிரசங்கம் செய்திருந்தேன். மாமா மகன் டிக்டாக் நேரலையில் யாரோ பலகாரம் விற்பதைப் பகிர்ந்து, ஆளுக்கு எத்தனை போத்தல் வேண்டும், மொத்தமாக வாங்கினால் மலிவு என்று கேட்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. துணி ஷோப்பியில், பலகாரம் டிக்டாக்கில், வாழ்த்து வாட்சாப் ஸ்டிக்கரில், அப்புறம் தீபாவளி எங்கே இருக்கிறது, நம் அம்மாக்கள் விடிய விடிய உட்கார்ந்து பிழிந்தார்களே, அந்த வாசம் எங்கே போயிற்று என்றெல்லாம் நீளமாகத் தட்டி அனுப்பினேன். நிறைய கட்டைவிரல்கள் விழுந்தன. பெரியம்மா மட்டும் ஒன்றும் போடவில்லை. அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, படித்திருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் கோலாலம்பூர் பக்கம் ஷா ஆலாமில் இருக்கிறோம். 2021-இல் அம்மா தவறியபிறகு தீபாவளிக்கு ஊருக்குப் போவது நின்றுபோயிருந்தது. மாமியார் வீட்டில் படைத்தோம், அல்லது நாங்களே சின்னதாகச் செய்துகொண்டோம். இந்தத் தடவை பெரியம்மா, "எனக்கும் வயசாச்சு, ஒரு தடவை வந்து உங்கம்மாவுக்கு இங்க படைச்சுட்டுப் போ" என்று கூப்பிட்டார். 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

போகிற வழியில் ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குள் நுழைந்தோம். நுழைவாயிலில் சாயம் போட்ட அரிசியில் பெரிய மயில் கோலம், அதைச் சுற்றி மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது, குறை சொல்ல எதுவுமில்லை. அந்த வருஷம் நிலாப் பண்டிகை அக்டோபர் 6-ஆம் தேதி வந்துபோனதால், விற்காமல் மிஞ்சிய மூன்கேக் பெட்டிகள் பாதி விலைச் சீட்டோடு ஒரு மேசையில் கிடந்தன. பக்கத்து மேசையில் முறுக்குப் போத்தல்கள். அதற்கு அப்பால் ஒரு ஊழியர் ஏணியில் ஏறி கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். வடக்கே குளிர்நாடுகளில் இந்த மாதங்களை இலையுதிர்காலம் என்கிறார்கள். இங்கே இலை உதிர்வது கித்தா மரம், ரப்பர் மரம்தான், அதுவும் பிப்ரவரி, மார்ச்சில். அக்டோபரில் இங்கே மாறுவது கடைத்தட்டுகள் மட்டும்தான். அங்கே ஒரு பிஸ்கட் பரிசுப்பெட்டி எடுத்தேன், 38 வெள்ளி 90 காசு. விலைச்சீட்டைப் பார்த்தேன், கூடைக்குள் போட்டேன். பார்கோடிடம் யார் பேரம் பேசுவார்கள்?

மழையும் முன்பணமும்

நான் பிறந்தது லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். இப்போது அது முழுக்க செம்பனை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடு இருந்த இடத்தைக்கூட என்னால் சரியாகக் காட்ட முடியாது. எஸ்டேட் தீபாவளி என்றதும் எல்லாரும் மூங்கில் பீரங்கி, திரைகட்டிப் போட்ட படம், கோயில் திடல் என்று ஆரம்பிப்பார்கள், எனக்கு முதலில் ஞாபகம் வருவது மழை. அக்டோபர், நவம்பரில் எங்கள் பக்கம் மழை பிடித்தால் விடாது. விடிகாலையில் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டோடு ஓடி மங்குக் கிண்ணத்தில் விழாது, மரமெல்லாம் வழிந்து வீணாகும், விழுந்த கொஞ்சத்தையும் மழைத்தண்ணீர் கெடுத்துவிடும். விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போன அம்மா தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால் அன்றைக்குக் கூலி இல்லை என்று அர்த்தம். நாங்கள் பிள்ளைகள், அம்மா வீட்டில் இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டோம். வருஷத்தின் பெரிய செலவு, வருமானம் குறைகிற மாதத்தில் வந்து நிற்கிறது என்று அப்போது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அதனால் தீபாவளி என்பது கடனில்தான் நடந்தது. தோட்டத்தில் முன்பணம் கொடுப்பார்கள், அதை அடுத்தடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். துணி, மோட்டாரில் மூட்டை கட்டிக்கொண்டு வரும் வியாபாரியிடம், மாதம் இவ்வளவு என்று தவணை. மாவு, சீனி, எண்ணெய், பட்டாணி எல்லாம் சீனக் கடையில், 555 புத்தகத்தில். இந்தப் புத்தகத்தை மலேசியாவில் தெரியாதவர்கள் இருக்க முடியாது, சட்டைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டு, அட்டையில் பெரிதாக 555 என்று போட்டிருக்கும். கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. கடைக்காரத் தவுக்கே சீனத்தில் எழுதிக்கொள்வார், எங்கள் புத்தகத்தில் எண்ணை மட்டும் எழுதிக் கொடுப்பார். அம்மா எண்ணை மட்டும் படிப்பார். அவர் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே தாத்தாவின் கூட்டுறவுப் பங்கு அவர் பெயருக்கு மாறியபோதுதான். எங்கள் ஊர் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் ஊர் என்று வெளியூர்க்காரர்களிடம் பீற்றிக்கொள்வோம், 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவு சங்கத்துக்குப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியவர்களில் தாத்தாவும் ஒருவர். துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களின் ஆட்களைத் தெருவில் விடாமல், அவர்கள் காசிலேயே தோட்டம் வாங்குவது என்ற யோசனை. வாரத்துக்கு எத்தனை நாள் மழை பெய்யும் என்று தெரியாதவர்கள் எப்படி மாதாமாதம் பத்து வெள்ளி எடுத்து வைத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத கணக்கு.

ஆக, எல்லாவற்றையும் வாங்கித்தான் கொண்டாடினோம். வாட்சாப்பில் பிரசங்கம் செய்தபோது இது எனக்கு மறந்துபோயிருந்தது. கடையில் வாங்காத ஒரே பொருள் பலகாரம், அதற்கும் கூலி கொடுக்காத காரணத்தால்தான். விடிவதற்குள் பெரட்டு, மத்தியானம் வரை மரம், பாலை எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து துணி, சமையல், எங்களைக் குளிப்பாட்டுவது, எல்லாம் முடிந்து இரவு ஒன்பது மணிக்குமேல் விறகடுப்பின் முன்னால் உட்கார்வார். மரக்கட்டையில் செய்த முறுக்கு அச்சு. மாவு கொஞ்சம் இறுகிவிட்டால் அதை அழுத்த இரண்டு தோளும் வேண்டும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து "வெந்துச்சா, ரெண்டு கொண்டா" என்பார். நானும் "ரெண்டு" என்பேன்.

தாமானுக்கு வந்தபிறகு வந்த கைப்பக்குவம்

தோட்டம் கைமாறி, மரத்தை வெட்டி, எல்லாரும் டவுன் பக்கம் மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தோம். அம்மாவின் முறுக்கைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லவேண்டும், தோட்டத்தில் அவர் சுட்ட முறுக்கு அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. கல் மாதிரி இருக்கும், காரம் தூக்கலாக இருக்கும், பல்லுக்கு வேலை வைக்கும். எங்களுக்குப் பிடித்திருந்தது என்றால் வேறு இல்லை என்பதால்தான். ஆனால் எனக்குக் கல்யாணமாகி ஷா ஆலாம் போய் சில வருஷங்கள் கழித்து, 2014 வாக்கில், அம்மாவின் முறுக்கு திடீரென்று எங்கேயோ போய்விட்டது. தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த மாவு, வாயில் வைத்தால் பொலபொலவென்று உதிரும், ஓமம் அளவாக, காரம் நாக்கின் கடைசியில் மட்டும். ஒவ்வொரு முறுக்கிலும் கடைசிச் சுற்றின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி உள்சுற்றோடு ஒட்டியிருப்பார், எண்ணெயில் பிரிந்து போகாமல் இருக்க. அந்த விரல் அழுத்தம் பொரிந்தபிறகும் ஒரு சின்னக் குழியாகத் தெரியும். கேஸ் அடுப்பும் வந்து, ஓய்வும் கிடைத்து, அம்மாவுக்குக் கைப்பக்குவம் கூடிவிட்டது என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

ஆபீசுக்கு இரண்டு போத்தல் கொண்டுபோவேன். அம்மா சுட்டது என்று சொல்லித்தான் நீட்டுவேன். ஒருமுறை அம்மாவிடமே, "இது நீங்க சுட்டதுதானேம்மா, எல்லாரும் கேக்குறாங்க" என்றேன். பழைய பிஸ்கட் தகரத்திலிருந்து எனக்காகப் போத்தலில் அடுக்கிக்கொண்டிருந்தவர், "ம்" என்றார். அந்த "ம்" எனக்கு இப்போதுதான் சரியாகக் கேட்கிறது.

பின்கட்டில்

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். பெரியம்மா வீட்டில் பையை இறக்கியதும், படையலுக்கு முறுக்கு வேண்டுமே என்றேன். பெரியம்மா மாவு, சீனி, எண்ணெய் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். ஆகஸ்ட் 31-இலிருந்து 18 வயது நிறைந்த எல்லாருக்கும் அரசாங்கத்தில் ஐசியில், அடையாள அட்டையில், 100 வெள்ளி போட்டார்களே, அதைத் தொடாமல் தீபாவளிக்கென்று பத்திரப்படுத்தியிருந்தார். ஆனால் அதெல்லாம் பாயசத்துக்கும் வடைக்கும். "முறுக்குக்கு ரெண்டாவது வரிசையில முறுக்கு அத்தைகிட்ட போ, எல்லாரும் அங்கதான்" என்றார்.

முறுக்கு அத்தையை எனக்கு முகம் தெரியும், பழக்கம் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர், அறுபதைத் தாண்டியிருப்பார். பின்கட்டில் தகரக்கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு, ஒன்றில் முறுக்கு, இன்னொன்றில் மகள் அச்சுமுறுக்கு போட்டுக்கொண்டிருந்தாள். அச்சுமுறுக்கு போடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டே எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். பித்தளை அச்சை முதலில் எண்ணெயிலேயே வைத்துச் சூடேற்றவேண்டும், சூடு பத்தவில்லை என்றால் மாவு பிடிக்காது. எடுத்து, எண்ணெயை வடியவிட்டு, மாவில் முக்கவேண்டும், அதுவும் அச்சின் மேல்விளிம்பு மூழ்காமல். ஒரு நூலளவு அதிகமாக முங்கிவிட்டால் மாவு மேலேயும் மூடிக்கொள்ளும், அப்புறம் எண்ணெயில் எவ்வளவு உதறினாலும் பூ கழலாது. அந்தப் பெண் மாவுப் பாத்திரத்தைப் பார்க்கவே இல்லை, தன் பிள்ளையைத் திட்டிக்கொண்டே முக்கினாள், உதறினாள், பூ மிதந்தது. மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

தரையில் நாளிதழ்களை விரித்து முறுக்கை ஆறவிட்டிருந்தார்கள். சுவரோரம் சிவப்பு மூடிப் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி, பேனாவில் வீட்டு அடையாளம்: "டாக்சி", "கோயில் பின்னால", "டீச்சர்". முறுக்கு 25, அச்சுமுறுக்கு 28 என்றார். வகைக்கு ஒன்று போதும் என்று நினைத்து, ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை, பழக்கம்தான், "முறுக்கு 22-க்குப் போட்டுக்குங்களேன் அத்தை" என்றேன். அவர் பதில் சொல்லாமல் முறுக்கைத் திருப்பிவிட்டார். அந்த மௌனம் என்னை இன்னும் பேசவைத்தது. கடையிலேயே இதைவிட மலிவாகக் கிடைக்கிறது என்றேன். ஈப்போவில் நான் பார்த்த முறுக்குப் போத்தலின் விலை எனக்கு ஞாபகம்கூட இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "என்ன இருந்தாலும் எங்கம்மா சுட்ட மாதிரி வராது, படையலுக்காகத்தான் வாங்குறேன்" என்று முடித்தேன்.

அத்தை அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எந்த வீட்டுப் பிள்ள?"

மூன்றாவது வரிசை, முனை வீடு, முன்னால் கொய்யா மரம் நிற்குமே என்றேன். கொய்யா மரம் இப்போது இல்லை, வாடகைக்கு இருப்பவர்கள் கார் நிறுத்த வெட்டிவிட்டார்கள்.

"கொய்யா மரத்து அக்கா மகளா நீ!" என்றார். கரண்டியை மகளிடம் கொடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். நான் அவருடைய மகளைப் பார்த்தேன், அவள் எண்ணெயைப் பார்த்தாள். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்து, 25-ஐயே கொடுத்துவிடலாம் என்று பையைத் திறந்தேன்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு மிலோ டின். அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட 555 புத்தகங்கள், ஏழெட்டு இருக்கும். ஒன்றை எடுத்து, எண்ணெய் படாமல் இருக்க விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கம் புரட்டினார். "கொ.ம. அக்கா" என்று தலைப்பு. கீழே வருஷம் வருஷமாக, 2014-இலிருந்து. மு 4. அ.மு 2. நெ.உ 1. பக்கத்தில் தொகை, அதற்குப் பக்கத்தில் கழித்த தொகை, அடியில் ஒரு கோடு. மு என்றால் முறுக்கு, அ.மு அச்சுமுறுக்கு, நெ.உ நெய்யுருண்டை. மு 4 என்பதில் இரண்டு என் ஆபீசுக்கு வந்தவை. நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓமம், தேங்காய்ப்பால், கட்டைவிரல் குழி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறி, எனக்கு எதிரில் நின்றவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. தரையில் ஆறிக்கொண்டிருந்த முறுக்கைக் குனிந்து பார்த்தேன். குழி இருந்தது.

"கடைசி வரில பாரு" என்றார் அத்தை.

2021 ஜனவரி. முன். 20. அதற்குக் கீழே கோடு இல்லை.

"உங்கம்மா ஜனவரி பொறந்தா வந்துருவாங்க, 20 வெள்ளி குடுத்துட்டு, தீபாவளிக்குக் கழிச்சுக்கோன்னு போவாங்க. பள்ளிக்கூடம் தொறக்குற நேரம், பேரப்பிள்ளைங்களுக்குச் சப்பாத்து வாங்கணும்னு அவங்களுக்குத் தெரியும். நான் ஒரு தடவகூட வாய்விட்டுக் கேட்டதில்ல. அந்த வருஷமும் குடுத்தாங்க. அப்புறம் ஜூன்ல போய்ட்டாங்க. கோவிட்டு, காரியத்துக்குக்கூட யாரையும் விடல. நீ வந்தா குடுக்கலாம்னு இருந்தேன், நீ வரவே இல்ல. போன் போட்டு 20 வெள்ளி இருக்குன்னு சொன்னா நல்லாருக்குமா?"

அப்புறம் என் போத்தல்களை எடுத்து வைத்து, விரல் விட்டு எண்ணினார். 25-உம் 28-உம் 53. 20 போனால் 33. "33 குடு" என்றார். 22 என்று நான் கேட்டதை அவர் மறக்கவும் இல்லை, பேசவும் இல்லை. 25, 25-தான்.

நான் கொடுத்தேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. எதையாவது பேசவேண்டுமே என்று, எண்ணெய் விலை எல்லாம் எப்படி என்று கேட்டேன் போலிருக்கிறது, ஏனென்றால் அவர் சொன்ன கணக்கு மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2 வெள்ளி 50 காசுக்கு விற்கிற பாக்கெட் எண்ணெய் வீட்டுக்குத்தானாம், வியாபாரத்துக்குத் தொடக்கூடாது, அதனால் 5 கிலோ போத்தல்தான். 14 கிலோ கேஸ் தோம்பு 26 வெள்ளி 60 காசு, தீபாவளி மாதத்தில் தோம்பு மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். தேங்காய் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றார். சிவப்பு மூடிப் போத்தலுக்கும் காசுதான், அதைத் திருப்பிக் கொடுப்பவர்களுக்கு அடுத்த வருஷம் இரண்டு முறுக்கு அதிகமாம். கூலி என்று ஒன்றை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

காருக்குள் வந்து உட்கார்ந்தபோது மடியில் போத்தல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. எனக்குள் முதலில் வந்தது வெட்கம்கூட இல்லை, அம்மாமேல் கோபம். ஏழு வருஷம் என்னை ஏமாற்றியிருக்கிறாரே என்று. ஆபீசில் எத்தனை பேரிடம் பெருமை அடித்திருப்பேன்! பாதி வழியில் அந்தக் கோபம் தன் காலிலேயே இடறி விழுந்தது. ஏமாற்றியது யார்? அவர் "ம்" என்று மட்டும்தான் சொன்னார். சுட்டீர்களா என்று கேட்டவள், சுடுகிறபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்குமே. நான் தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் வந்து இறங்கி, மறுநாள் மத்தியானம் போத்தலோடு கிளம்புகிறவளாகத்தானே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படைத்தோம். தலைவாழை இலையில் ஆட்டிறைச்சிப் பிரட்டல், முட்டை, வடை, அப்பாவுக்கு ஒரு ஸ்டவுட் பீர் போத்தலும் சிகரெட்டும், அம்மாவுக்கு வெற்றிலையும் பால் விடாத கோப்பி ஓவும். மஞ்சள் தடவிய புதுத்துணிகளை அடுக்கி வைத்தோம். பெரியம்மாதான் தேங்காய் உடைத்தார். இலையில் முறுக்கை வைத்தபோது எனக்குக் கை கொஞ்சம் தயங்கியது. எல்லாம் முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும் பெரியம்மா ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டு, "உங்கம்மா வீட்டு முறுக்கு" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா பெரியம்மா?"

"என்னாது?"

"அம்மா சுடலன்னு."

"யாருக்குத் தெரியாது? தாமானுக்கே தெரியும். உனக்குத்தான் தெரியாது." மென்றுகொண்டே இருந்துவிட்டு, "அந்தத் தோளை வெச்சுக்கிட்டு எப்படிப் பிழிவா?" என்றார்.

எந்தத் தோள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேல் உளி பிடித்து, பால் வாளி தூக்கிய தோள். ராத்திரியில் தைலம் தேய்ப்பார், அந்த வாசம் எனக்குத் தெரியும். அது தீபாவளி வாசங்களில் ஒன்றென்றே நினைத்திருந்தேன். அப்புறம் பெரியம்மா, என் வாட்சாப் பிரசங்கத்தைப் பேத்தி படித்துக்காட்டினாள் என்றும், நன்றாக எழுதியிருந்தேன் என்றும் சொன்னார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். ஆட்டிறைச்சியில் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மாமா மகனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் வாங்கிய டிக்டாக் முறுக்கும் யாரோ ஒரு அத்தை பின்கட்டில் சுட்டதாக இருக்கலாம், இயந்திரத்தில் பிழிந்ததாகவும் இருக்கலாம், இரண்டையும் நான் விசாரிக்கவில்லை. ஒன்று மட்டும் கவனித்துவிட்டேன்: பாரம்பரியம் போச்சு என்று குழுவில் உருகி உருகி எழுதியவர்களில் ஒருவர்கூட முறுக்கு அச்சைத் தொட்டவர்கள் இல்லை, நான் உட்பட. அந்தக் கட்டையை அழுத்தி அழுத்திக் கையில் காய்ப்பு ஏறியவர்கள் யாரும் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. காசு கொடுத்து வாங்க முடிந்த முதல் வருஷமே அம்மா அச்சைப் பரணில் போட்டுவிட்டார். நானாக இருந்தால் அதற்கு முன்பே போட்டிருப்பேன்.

தீபாவளிக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை ஷா ஆலாமுக்குத் திரும்பும் வழியில் இரண்டாவது வரிசையில் காரை நிறுத்தச் சொன்னேன். பின்கட்டு கழுவிவிடப்பட்டுக் காய்ந்துகொண்டிருந்தது, அடுப்புகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள், சட்டி கவிழ்ந்து கிடந்தது. எண்ணெய் இல்லாத அந்த இடம் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. அத்தை கால்நீட்டி உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். காலிப் போத்தல் இரண்டையும் கொடுத்தேன், பாதி முறுக்கைத் தட்டில் கொட்டிவிட்டுத்தான் எடுத்து வந்திருந்தேன், பெரியம்மா திட்டினார். அப்புறம் 50 வெள்ளியை நீட்டி, அடுத்த தீபாவளிக்கு என்றேன். ஜனவரியில் வரமுடியாது, அதனால் இப்போதே. பரிகாரம் மாதிரி ஆகிவிடுமோ என்று வழியெல்லாம் யோசித்து, 20 கொடுத்தால் அம்மாவைப் பார்த்து நடிப்பதுபோல் இருக்கும், 100 கொடுத்தால் பெருமை காட்டுவதுபோல் இருக்கும் என்று, கடைசியில் பர்சில் கைக்கு வந்ததைக் கொடுத்தேன்.

அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மிலோ டின்னை எடுத்துவரச் சொன்னார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அம்மாவின் பக்கத்தில் 20-க்கு எதிரே கழித்ததை எழுதி, அடியில் கோடு இழுத்திருந்தார், நேற்றோ முந்தாநாளோ. அதே பக்கத்தில் கோட்டுக்குக் கீழே இடம் இருந்தது. என் பெயரைக் கேட்பார் என்று நினைத்துச் சொல்லத் தயாரானேன். கேட்கவில்லை. "கொ.ம. அக்கா மக. முன். 50" என்று எழுதினார்.

"அடுத்த வருஷம் போத்தல் 28 ஆனாலும் ஆகும், இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

சரி என்றேன்.